காலண்டர் ஓவியமும் தற்கால ஓவியத்தில் அடையாளமும்

காலண்டர் ஓவியம் என்பது நாட்காட்டிகளில் அச்சிடுவதற்கென வரையப்பட்ட தெய்வ உருவங்கள், புராணக் காட்சிகள், தலைவர்களின் உருவங்கள் ஆகியவற்றைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இதன் முதன்மையான நிலப்பகுதி விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசியும், அதை அடுத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள கோவில்பட்டியும் ஆகும். நீண்ட காலம் கலை வரலாற்று நூல்களில் இதற்கு இடம் இருக்கவில்லை. 1960களுக்குப் பிறகு இந்தியாவின் தற்கால ஓவியர்கள் பலர் இந்தப் படங்களையும், இவற்றுக்கு மூலமான ரவி வர்மாவின் ஓவியங்களையும் எடுத்து மாற்றி வரைந்து, "நான் யார், என்னை இப்படி வரைந்தது யார்" என்ற கேள்வியை எழுப்பினர். பழைய கலையை மறுவாசிப்பு செய்து அடையாளத்தைப் பேசும் இந்தப் போக்கைப் புரிந்துகொள்ள, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு காலண்டரே போதுமானது.

கரிசல் நிலமும் அச்சுத் தொழிலும்

அருப்புக்கோட்டை நெசவுக்கும் மல்லிகைக்கும் பெயர்பெற்ற ஊர். திருச்சுழி, குண்டாற்றங்கரையில் உள்ள திருமேனிநாதர் கோயிலால் அறியப்படுவது. சுந்தரர் பாடிய தலம். 1879 டிசம்பர் 30 அன்று இரமண மகரிசி பிறந்ததும் இவ்வூரில்தான். மேற்கே விருதுநகரும் சிவகாசியும், தென்மேற்கே கோவில்பட்டியும் உள்ளன. மழை குறைந்த மானாவாரிப் பூமி. பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், கொத்தமல்லி என்று மழையை நம்பியே வெள்ளாமை. மழை பொய்த்த ஆண்டுகளில் வேறு பிழைப்பு தேட வேண்டியிருந்தது.

இந்த வறட்சிதான் சிவகாசித் தொழில்களுக்கு வசதியாக அமைந்தது. ஈரப்பதம் குறைந்த காற்றில் தீக்குச்சியும் வெடிமருந்தும் விரைவில் காயும். அச்சடித்த தாளும் அப்படியே. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டி என்றால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும். பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிள் அச்சிடக் கல்லச்சு இயந்திரங்கள் வந்தன. அவை ஆண்டு முழுவதும் ஓட வேலை வேண்டும் அல்லவா? அந்த வேலையைக் காலண்டர் கொடுத்தது.

இன்றும் ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியிடப்படுகின்றன. நகைக்கடை, அடகுக்கடை, ஜவுளிக்கடை, அரிசி ஆலை, அரசியல் கட்சி என்று பலரும் அதைப் பார்த்துப் படம் தேர்ந்து ஆர்டர் கொடுப்பார்கள். ஆண்டு முடிந்ததும் தேதித் தாள் போய்விடும், படம் போகாது. அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூசையறையில் மாட்டுவது வழக்கம். காலண்டர் ஓவியத்தை மற்ற விளம்பரப் படங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த இரண்டாவது வாழ்வுதான்.

கொண்டைய ராஜு

இந்தக் கலையின் பெரிய பெயர் சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னையில் இருந்த அரசு ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். மேற்கத்திய முறையில் உடற்கூறு, ஒளிநிழல், தூரக்காட்சி ஆகியவற்றைக் கற்றவர். பின்னர் உலக வாழ்வில் நாட்டம் குறைந்து திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தில் சில காலம் தங்கினார். திருச்சுழியில் பிறந்தவரை நாடித் திருவண்ணாமலைக்குப் போனவர், கடைசியில் திருச்சுழிக்கு வெகு தொலைவில் இல்லாத கோவில்பட்டியில் வந்து நிலைகொண்டார் என்பது ஒரு சுவையான தற்செயல்.

இடையில் நடந்தது நாடகம். அக்காலத்து நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை ஓவியர்கள் இன்றியமையாதவர்கள். தர்பார், தெரு, காடு, நந்தவனம், கயிலாயம் என ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படுதா வேண்டும். கொண்டைய ராஜு ஒரு நாடகக் கம்பெனியுடன் ஊர் ஊராகச் சென்று படுதா வரைந்தார். 1940களின் தொடக்கத்தில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அவரும் உடனிருந்த இளைஞர்களும் அங்கேயே தங்கிவிட்டனர். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் முதலிய மாணவர்கள் அவரைச் சுற்றி வளர்ந்தனர். கோயில் வேலை, ஒளிப்பட நிலையத்துக்குப் பின்னணித் திரை, உருவப்படம் என்று கிடைத்ததையெல்லாம் செய்தார்கள். சிவகாசி அச்சகங்கள் காலண்டர் படம் கேட்டு வந்தபோது தேர்ந்த ஓர் ஓவியர் குழு அங்கே ஆயத்தமாக இருந்தது.

மீனாட்சி திருக்கல்யாணம், கசலட்சுமி, முருகன், இராமர் பட்டாபிசேகம் போன்ற படங்களை இக்குழு வரைந்தது. அவற்றைக் கூர்ந்து பார்த்தால் மூன்று வேறு மரபுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பது தெரியும். தெய்வம் நம்மை நேராகப் பார்த்து நிற்பதும், நகைகள் ஒவ்வொன்றாகத் தெரியும்படி தீட்டப்படுவதும் தஞ்சாவூர் ஓவியத்தின் வழி. கன்னத்தின் மென்மையும் சேலையின் மடிப்பும் ரவி வர்மாவின் வழி. பின்னால் தெரியும் மலை, குளம், தூண் மண்டபம் ஆகியவை நாடகப் படுதாவின் வழி. எனவே காலண்டர் ஓவியம் தானே ஒரு மறுவாசிப்பு. அதை வெறும் நகல் என்று ஒதுக்கியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் கொண்டைய ராஜுவைப் பற்றி விரிவாக ஆய்வு செய்து எழுதினார். கஜ்ரி ஜெயின் சிவகாசியில் களஆய்வு செய்து 2007இல் வெளியிட்ட நூல், காலண்டரைக் கலையாகவும் வணிகமாகவும் ஒருசேரப் பார்த்தது.

தெய்வத்தின் முகம் யாருடையது

ராஜா ரவி வர்மா (1848–1906) தெய்வங்களுக்கு மனித உடலும் உயிருள்ள முகமும் கொடுத்தார். எண்ணெய் வண்ணத்தில், ஐரோப்பிய முறையில், எதிரே பெண்களை நிறுத்தி வரைந்தார். 1894இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகம் இலட்சுமி, சரசுவதி படங்களை வண்ண அச்சில் நாடெங்கும் கொண்டுசென்றது. கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்ட மக்களின் வீட்டுக்கும் தெய்வ உருவம் தாளில் வந்தது. இது சிறிய செய்தியன்று.

ஆனால் அந்தத் தாளோடு ஒரு முகமும் வந்தது. வெளுத்த, உருண்ட, மேட்டுக்குடித் தோற்றமுள்ள ஒரு பெண் முகம். அதுவே சிவகாசி அச்சில் இன்னும் சிவந்து, கன்னத்தில் ரோசா நிறம் ஏறி, இலட்சக்கணக்கில் பரவியது. கரிசல் காட்டில் வெயிலில் களையெடுக்கும் கருத்த பெண், விடிந்ததும் கும்பிடும் இலட்சுமியின் முகத்தில் தன் சாயலைக் காண வழியில்லை. பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் தேவி வேடத்துக்கு நிறமான பெண்ணையே தேடுவதன் வேரும் ஓரளவு இங்கேதான் இருக்கிறது.

தமிழ் மரபுக்குக் கருமை அந்நியமன்று. திருமால் கரியவன், காளி கரியவள், மீனாட்சியைப் பச்சை நிறத்தில் காட்டுவதும் உண்டு. கண்மாய்க் கரையில் அரிவாளோடு நிற்கும் கருப்பசாமிக்குப் பெயரே நிறம்தான். இவ்வட்டாரத்துக் குலதெய்வங்கள் பலவற்றுக்கு முகமே கிடையாது. ஒரு கல், ஒரு பீடம், ஒரு மரம், ஒரு பிடிமண் போதும். காலண்டர் அவற்றையும் வரைய முற்பட்டபோது, முகமற்ற தெய்வத்துக்கு எந்த முகத்தை வைப்பது என்ற கேள்வி எழுந்தது. பெரும்பாலும் கிடைத்த விடை, சிவன் படத்தின் முகத்தையே எடுத்து முறுக்கு மீசை வைப்பது. வட்டாரத் தெய்வம் பொதுத் தெய்வத்தின் சாயலுக்கு மாறியதில் படத்தின் பங்கு கொஞ்சமன்று.

ஆக, காலண்டர் ஒருபுறம் தெய்வத்தை எல்லோருக்கும் பொதுவாக்கியது. மறுபுறம் எல்லோருடைய தெய்வத்துக்கும் ஒரே முகம் கொடுத்தது. தற்கால ஓவியர்கள் கைவைத்தது இந்த இடத்தில்தான்.

படத்தை எடுத்து மாற்றியவர்கள்

கலை வரலாற்றை மறுபடி வரைந்து தன் அடையாளத்தைத் தேடும் முயற்சி இந்தியாவில் அதற்கு முன்பே தொடங்கியது. அம்ரிதா சேர்கில் (1913–1941) சீக்கியத் தந்தைக்கும் அங்கேரியத் தாய்க்கும் பிறந்து பாரிசில் ஓவியம் பயின்றவர். 1934இல் தன்னையே தகித்தித் தீவுப் பெண்ணாக வரைந்தார். தகித்திப் பெண்களை வரைந்து புகழ்பெற்ற பால் கோகன் ஓர் ஐரோப்பிய ஆண். அவர் பார்த்த பார்வையில், பார்க்கப்படும் பெண்ணின் இடத்தில், அம்ரிதா தன்னை நிறுத்தினார். பின்னர் அசந்தா ஓவியங்களைக் கண்டு தென்னிந்தியப் பயணம் செய்து, 1937இல் சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தாரைக் கருத்த நிறத்திலேயே வரைந்தார். ரவி வர்மாவின் ரோசாக் கன்னங்களுக்கு நேர்மாறான படம் அது. அவருடைய சகோதரி மகன் விவான் சுந்தரம், குடும்ப ஒளிப்படங்களை ஒன்றோடொன்று இணைத்து 2001ஆம் ஆண்டளவில் அம்ரிதாவைப் பற்றிய ஒரு தொடரையே உருவாக்கினார்.

சென்னையில் கே. சி. எஸ். பணிக்கர் வேறு வழியில் சென்றார். ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற தொடரில் சாதகக் கட்டம், எழுத்து, எண் போன்றவற்றை ஓவியமாக்கினார். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் அமைந்தது. தமிழ் நிலத்துக்குரிய ஒரு நவீன மொழியைத் தேடிய இக்குழுவினர் காலண்டர் பாணியிலிருந்து விலகியே நின்றனர். ஒரே பள்ளியில் பயின்ற கொண்டைய ராஜுவும் இவர்களும் இரு வேறு உலகங்களில் வாழ்ந்தார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

காலண்டர் படத்தை நேராகக் கையில் எடுத்தவர் பரோடாவின் பூபேன் காக்கர் (1934–2003). தொழிலால் பட்டயக் கணக்காளர். 1960களில் கடைத்தெருவில் வாங்கிய தெய்வப் படங்களை வெட்டிப் பலகையில் ஒட்டி, மேலே வண்ணம் தீட்டினார். மலிவு என்று படித்தவர்கள் முகம் சுளித்த பொருளைக் கண்காட்சிக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். பின்னாளில் அதே எளிய, கடைப்பலகை போன்ற வண்ணத்தில், தாம் ஆண்களை விரும்புபவர் என்பதை மறைக்காமல் வரைந்தார். 1981இல் வரைந்த 'எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது' என்ற பொருள்படும் ஓவியத்தில், மாடியில் ஆடையின்றி நிற்கும் ஒருவர், கழுதையை ஓட்டிச்செல்லும் தந்தையும் மகனும் பற்றிய பழங்கதை கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லோர் சொல்லையும் கேட்டுக் கழுதையை இழந்தவர்களின் கதை நம் பாடப்புத்தகங்களுக்கும் தெரிந்ததே. அதைத் தன் வாழ்க்கை முடிவுக்கு விளக்கமாக ஆக்கியதில்தான் ஓவியரின் துணிவு உள்ளது.

அதுல் தோடியா (பிறப்பு 1959) மும்பைக் கடைகளின் உருட்டுக் கதவை ஓவியப் பரப்பாகப் பயன்படுத்தினார். அவற்றுள் ஒன்றில் கதவின்மேல் காலண்டர் பாணி மகாலட்சுமி. கதவை மேலே தூக்கினால் உள்ளே வேறொரு ஓவியம்: வரதட்சணை கொடுக்க வழியில்லாததால் தூக்கில் தொங்கி உயிர்விட்ட சகோதரிகள். செல்வத்தின் தெய்வமும் செல்வமில்லாததால் செத்த பெண்களும் ஒரே சட்டத்தில் அடங்குகின்றனர். நகைக்கடைக் காலண்டரில் இலட்சுமி அச்சிடப்படும் ஊர்க்காரர்களுக்கு இந்தப் படம் விளக்கம் இல்லாமலே புரியும்.

பெங்களூரைச் சேர்ந்த என். புஷ்பமாலா (பிறப்பு 1956) சிற்பம் பயின்றவர். கிளேர் ஆர்னி என்ற ஒளிப்படக் கலைஞருடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை 'தென்னிந்திய நாட்டுப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்' என்ற தொடரை உருவாக்கினார். இது ஓவியம் அன்று, ஒளிப்படம். ஆனால் பேசுவது ஓவியத்தைப் பற்றி. ரவி வர்மாவின் நிலவொளிப் பெண்ணாகவும், தாமரையில் நிற்கும் இலட்சுமியாகவும், வேளாங்கண்ணி மாதாவாகவும் புஷ்பமாலா தாமே வேடமிட்டு நின்றார். பின்னணிப் படுதாக்கள் கையால் வரையப்பட்டவை. கொண்டைய ராஜு நாடகக் கம்பெனியில் செய்த வேலை இங்கே மறுபடி தேவைப்பட்டது.

அத்தொடரில் இன்னொரு படமும் உண்டு. தோடர் பெண்ணாக, கட்டம் போட்ட திரையின் முன் அளவெடுப்பதற்காக நிற்கிறார். ஆங்கிலேயர் காலத்தில் மக்களை இனம் பிரிக்க அப்படித்தான் படமெடுத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ரவி வர்மாவும் 1889இல் இசைக்கருவிகளோடு பல சமூகத்துப் பெண்கள் பதினொருவரை ஒரே படத்தில் அமர்த்தினார். நளினமாக இருந்தாலும் அதுவும் வகைபிரித்துக் காட்டும் படம்தான். தெய்வப் படம், அழகுப் படம், அளவைப் படம் மூன்றையும் ஒரே பெண் நடித்துக் காட்டும்போது, "இதுதான் தென்னிந்தியப் பெண்" என்று சொன்ன எல்லாப் படங்களும் வேடம் என்பது வெளிப்படுகிறது.

இதே உத்தி பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின ஓவியர் கெஹிண்டே வைலி, டேவிட் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த குதிரைமேல் நெப்போலியன் படத்தை 2005இல் மறுபடி வரைந்தார். குதிரை அதே குதிரை. மேலே இருப்பவர் சாதாரண உடையணிந்த ஒரு கறுப்பின இளைஞர். சப்பானியக் கலைஞர் யசுமாசா மொரிமுரா புகழ்பெற்ற ஐரோப்பிய ஓவியங்களுக்குள் தம் முகத்தையே வைத்துப் படமெடுத்தார்.

மறுவாசிப்பும் நகலும்

தமிழ்நாட்டில் அண்மையில் நடந்த இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன்தரும். 2017ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையைச் சேர்ந்த நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் ஆகியோர் இலட்சுமி, சரசுவதி, முருகன் முதலிய தெய்வங்களைக் கருத்த நிறமுள்ள நடிகர்களைக் கொண்டு காலண்டர் பாணியில் படமெடுத்தனர். அதே ஒளிவட்டம், அதே நகை, அதே பூ. நிறம் மட்டும் வேறு. அந்த ஒரு மாற்றம் பெரிய விவாதத்தை உண்டாக்கியது. 

2020ஆம் ஆண்டுக்கு, சுகாசினி மணிரத்னத்தின் நாம் அறக்கட்டளைக்காக ஒளிப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம் ஒரு காலண்டர் செய்தார். திரை நடிகைகள் ரவி வர்மா ஓவியங்களில் உள்ள பெண்களைப் போலவே உடுத்தி, அதே நிலையில் நின்றனர். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. அறப்பணிக்கான முயற்சி என்பதும் உண்மை. ஆனால் அது ரவி வர்மாவைப் போற்றுகிறது. அவரிடம் எதையும் கேட்கவில்லை. எனவே அதை அழகிய மறுபதிப்பு என்று சொல்லலாம், மறுவாசிப்பு என்று சொல்வது பொருந்தாது. பழைய படத்தில் எது மாறியது, அந்த மாற்றத்தால் யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று பார்த்தால் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபடும்.

சுவரில் இருப்பவை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வீடுகளின் முன்னறையில் தெய்வப் படத்துக்கு அருகே தலைவர் படமும் இருக்கும். விருதுநகரில் பிறந்த காமராசர் பல வீடுகளில் உண்டு. அந்தந்தச் சமூகம் தனதாகக் கருதும் தலைவரின் படமும் இருக்கும். படத்தைப் பார்த்தே வீட்டாரை அறிந்துகொள்ளும் வழக்கம் உண்டு. அதனால் மனக்கசப்பு வந்ததும் உண்டு. இன்று அந்த இடத்தைத் திருமண வீட்டு பிளக்ஸ் பலகை பிடித்துக்கொண்டது. தலைவருக்குப் பின்னால் சிங்கம், ஒளிவட்டம், கோட்டை. கணினியில் செய்தாலும் அமைப்பு காலண்டருடையதே. அடையாளம் என்பது ஓவியக் கூடத்தில் பேசப்படும் நுண்பொருள் மட்டுமன்று என்பதற்கு இந்தப் பலகைகளே சான்று.

பழைய காலண்டர் ஓவியங்களின் மூலப்படங்கள் வழக்கமாக அச்சகத்தின் உடைமையாகவே கருதப்பட்டன. அச்சு முடிந்தபின் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு எழவில்லை. கல்லச்சு போய் ஆப்செட் வந்தபோதும், பிறகு கணினி வந்தபோதும், பலகைகளும் தகடுகளும் இடத்தை அடைப்பவையாகத் தோன்றின. எனவே 1950, 1960களின் அச்சுகள் இப்போது கிடைப்பது பெரும்பாலும் வீடுகளில்தான். கறையான் அரித்த ஓரத்தோடு, கண்ணாடிக்குள் மங்கிய நிறத்தோடு, அடியில் சிறிய எழுத்தில் ஓவியர் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருக்கும். வெள்ளையடிக்கும் நாளில் படத்தைக் கழற்றும்போது அந்த வரியைப் படித்துக் குறித்துவைக்கலாம். ஓவியர் பெயர் கொண்டைய ராஜு என்றோ அவருடைய மாணவர் ஒருவர் என்றோ இருக்கக்கூடும்.